ஏர்முனையும் இருப்புப்பாதையும்

நுழையும்முன்

ஜார் ஆட்சி சரிந்த செய்தியைப் பாரதியாரின் 'புதிய ருஷ்யா' என்னும் கவிதை தமிழர் நெஞ்சுக்கு நெருக்கமாக்கியது. அந்தச் சரிவுக்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் ரஷ்யாவின் வயல்களிலும் ஆலைகளிலும் நிகழ்ந்தவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உழவையே வாழ்வாகக் கொண்டிருந்த ஒரு பேரரசு, காலந்தாழ்த்தித் தொழில்மயமாக முனைந்தபோது அதற்கான செலவை யார் தோளில் ஏற்றியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சேற்றில் புதைந்த வண்டிகள்

1854ஆம் ஆண்டின் இறுதியில், கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியத் தீபகற்பத்தில் செவஸ்தபோல் கோட்டையைப் பிரிட்டன், பிரான்சு, துருக்கிப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. ரஷ்யப் படை தன் சொந்த மண்ணில் நின்று போரிட்டது. ஆயினும், அப்படைக்கு வேண்டிய வெடிமருந்தும் உணவும் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மாட்டு வண்டிகளில் வந்து சேரவேண்டியிருந்தன. மாஸ்கோவுக்குத் தெற்கே அப்போது இருப்புப்பாதையே இல்லை. மழைக்காலத்தில் வண்டிகள் அச்சு வரையில் சேற்றில் புதைந்தன. கடல்கடந்து வந்த பிரிட்டானியரோ, 1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாலக்லாவா துறைமுகத்திலிருந்து முற்றுகைக் களம் வரை சில வாரங்களுக்குள் ஓர் இருப்புப்பாதையை அமைத்துக்கொண்டனர். அயலார் கொண்டுவந்த தண்டவாளம் ரஷ்ய மண்ணில் ஓடியது. ரஷ்யரின் வண்டி ரஷ்ய மண்ணிலேயே சிக்கிக் கிடந்தது. 1856இல் ரஷ்யா தோல்வியை ஏற்றுப் பாரிசு உடன்படிக்கையில் கையொப்பமிட்டது.

இத்தோல்விக்கு இரும்பின்மை காரணமன்று என்பது கருதத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகில் மிகுதியாக இரும்பு உருக்கிய நாடுகளின் முதல் வரிசையில் ரஷ்யா இருந்தது. யூரல் மலைப்பகுதியின் உலைகளில் உருவான இரும்பை இங்கிலாந்தே இறக்குமதி செய்தது. பின்னர் ஆங்கிலேயர் நிலக்கரியிலிருந்து பெற்ற கல்கரியைக் கொண்டு இரும்பு உருக்கவும், நீராவிப் பொறியால் உலைக்குக் காற்றூட்டவும் கற்றனர். யூரல் உலைகளோ மரக்கரியையும் கட்டாய உழைப்பையும் நம்பியே இயங்கின. உலைக்களத்தில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர், ஆலைக்கென்றே ஒதுக்கப்பட்ட அடிமை உழவர்கள். கூலி கொடுக்கத் தேவையில்லாத உழைப்பு கையிலிருக்கும்போது, உழைப்பை மிச்சப்படுத்தும் பொறியை வாங்க எந்த உடைமையாளருக்கும் மனம் வருவதில்லை. ரஷ்யா நின்ற இடத்திலேயே நின்றது. மற்றவர்கள் அதனைக் கடந்து சென்றனர்.

அந்நாட்டின் பரப்பும் ஒரு தடையாயிற்று. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைக் கொண்டிருந்த அப்பேரரசில், இரும்பு ஓரிடத்தில், நிலக்கரி வேறோரிடத்தில், மக்கள் மற்றோரிடத்தில் என யாவும் சிதறிக் கிடந்தன. ஆறுகள் ஆண்டில் பல மாதங்கள் உறைந்துவிடும். தெற்கே உக்ரைன் முதல் வால்கா ஆற்றுப் பகுதி வரை பரந்து கிடந்த கரிசல் நிலம் உலகின் மிகச் சிறந்த விளைநிலங்களுள் ஒன்று. அதன் விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது.

விடுதலையும் தவணையும்

போரில் தோற்ற நாட்டின் அரியணையில் அமர்ந்த இரண்டாம் அலெக்சாண்டர், பண்ணையடிமை முறையைத் தொடர இயலாது என்பதை உணர்ந்தார். கீழிருந்து அது தானாகவே ஒழியும்வரை காத்திருப்பதைவிட மேலிருந்து ஒழிப்பதே நன்று என்று 1856இல் மாஸ்கோப் பிரபுக்களிடம் அவர் கூறினார். 1861ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் விடுதலை ஆணை கையொப்பமாயிற்று. நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் சட்டப்படி விடுபட்டனர். திருமணம் செய்துகொள்ளவும், சொத்து வாங்கவும், வழக்குத் தொடுக்கவும் உரிமை பெற்றனர். ஒரே ஆணையால் இத்தனை பேர் விடுவிக்கப்பட்டது உலக வரலாற்றின் பெருநிகழ்வுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த விடுதலைக்கு ஒரு விலை வைக்கப்பட்டிருந்தது.

உழவர் காலங்காலமாக உழுத நிலம் அவருக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. நிலவுடைமையாளருக்கு அதன் ஈட்டுத்தொகை தரப்படவேண்டும் என்று ஆணை கூறியது. அதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் உழவர் ஆண்டுதோறும் பிரபுவுக்கு 6 ரூபிள் குத்தகை செலுத்தி வந்தார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 6 விழுக்காட்டு வட்டியில் 6 ரூபிள் தரக்கூடிய முதல் 100 ரூபிள். எனவே, அந்நிலத்தின் மதிப்பு 100 ரூபிள் என வரையறுக்கப்பட்டது. அதில் 80 ரூபிளை அரசு பிரபுவுக்குக் கடன் பத்திரங்களாக வழங்கிவிடும். எஞ்சிய 20 ரூபிளை உழவர் தாமே பிரபுவுக்குத் தருதல் வேண்டும். அரசு தந்த 80 ரூபிளுக்கு ஈடாக, ஆண்டுக்கு 4 ரூபிள் 80 கோபெக் வீதம் 49 ஆண்டுகள் அரசுக்கு உழவர் தவணை கட்டவேண்டும். கூட்டிப் பார்த்தால் அத்தொகை 235 ரூபிளைத் தாண்டுகிறது. 'மீட்புத்தொகை' என அது பெயர் பெற்றது.

மதிப்பு குறிக்கப்பட்டது குத்தகையை வைத்தே என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். வடபகுதி உழவர் நகரங்களுக்குச் சென்று கைத்தொழில் செய்து ஈட்டிய பணத்திலிருந்தே குத்தகை கட்டினர். அவ்வருவாயும் நிலத்தின் விலையில் ஏற்றப்பட்டது. விளையாத நிலத்துக்கு, விளைநிலத்தின் விலை. பெயரளவில் நிலத்துக்கு விலை வைத்தவர்கள், உண்மையில் ஆளுக்கே விலை வைத்துவிட்டனர். மேலும், பல இடங்களில் உழவர் முன்பு உழுத நிலத்தின் ஒரு பகுதி வெட்டியெடுக்கப்பட்டுப் பிரபுவிடம் சேர்க்கப்பட்டது. காடும் மேய்ச்சல் நிலமும் நீர்த்துறையும் பெரும்பாலும் பிரபுவின் வசமே நின்றன. அடுப்புக்கு விறகு வேண்டுமென்றாலும் மாட்டுக்குப் புல் வேண்டுமென்றாலும் உழவர் பழைய வாயிலிலேயே போய் நிற்கவேண்டியிருந்தது.

தனி உழவரின் கையில் நிலம் தரப்படவில்லை என்பது மற்றொரு செய்தி. 'மிர்' எனப்பட்ட ஊர்க்கூட்டமைப்பே நிலத்தைப் பெற்றது. குடும்பங்களின் அளவுக்கு ஏற்ப அது நிலத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொடுத்தது. பல ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பங்கிட்டது. வரிக்கும் தவணைக்கும் ஊர் முழுவதும் கூட்டுப்பொறுப்பு. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் கட்டவேண்டும். அதனால் எவரும் ஊரைவிட்டு எளிதில் வெளியேற ஊர் இசைவதில்லை. நகரத்துக்கு வேலை தேடிச் செல்வோர் உள்நாட்டுக் கடவுச்சீட்டு பெற்றுச் செல்லவேண்டும். அதனை வழங்க ஊரார் ஒப்பவேண்டும்.

ஊர்க்கூட்டமைப்பின் நன்மையையும் மறுத்தற்கில்லை. நிலமற்ற கூலிகளாக மக்கள் தெருவில் நிற்பதை அது ஓரளவு தடுத்தது. அரசு அதனைக் காத்தமைக்கும் அந்த அச்சமே காரணம். இங்கிலாந்தில் வேலியடைப்பால் ஊரிழந்த உழவர் நகரத்து ஏழைகளாகக் குவிந்ததை ரஷ்ய அமைச்சர்கள் அறிந்திருந்தனர். எனினும், அடுத்த பங்கீட்டில் தன் கையைவிட்டுப் போகக்கூடிய துண்டுக்கு எந்த உழவரும் உரமிட்டுப் பாடுபட விரும்புவதில்லை. மக்கள்தொகையோ பெருகிக்கொண்டே சென்றது. 1861இல் ஏறத்தாழ 7.4 கோடியாக இருந்த பேரரசின் மக்கள்தொகை, 1897ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 12.5 கோடியைத் தாண்டியது. பங்கு கேட்கும் கைகள் பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் கிடைத்த துண்டு சுருங்கியது.

தெரிந்து தெளிவோம்
ரஷ்யாவில் 1918ஆம் ஆண்டின் தொடக்கம் வரை ஜூலியன் நாள்காட்டியே வழக்கிலிருந்தது. அது இன்றைய நாள்காட்டியைவிட 19ஆம் நூற்றாண்டில் 12 நாள்களும், 20ஆம் நூற்றாண்டில் 13 நாள்களும் பின்தங்கியது. விடுதலை ஆணையின் நாளாகிய பிப்ரவரி 19, இன்றைய கணக்கில் மார்ச் 3 ஆகும். இக்கட்டுரையில் உள்ள நாள்கள் பழைய நாள்காட்டியின்படி அமைந்தவை.

அரசே முதலாளி

தொழில் வளர்ச்சிக்கு முதல் வேண்டும், உழைப்பாளர் வேண்டும், செய்த பொருளை வாங்குவோரும் வேண்டும். இங்கிலாந்தில் இம்மூன்றும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மெல்ல மெல்லத் திரண்டன. வணிகர் சேர்த்த பொருள் ஆலையாயிற்று. ஊரிழந்த உழவர் தொழிலாளராயினர். வளர்ந்த நகரங்கள் சந்தையாயின. ரஷ்யாவில் முதல் திரளவில்லை. உழைப்பாளர் ஊரோடு கட்டப்பட்டிருந்தனர். தவணை கட்டி எஞ்சிய சில்லறையில் துணி வாங்கவே தடுமாறிய உழவர் பொறிகளையா வாங்கப் போகிறார்?

ஒதேசா நகரில் 1904இல் பிறந்து பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றிய பொருளியல் வரலாற்று அறிஞர் அலெக்சாண்டர் கெர்ஷென்கிரான் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பிந்தி வரும் நாடு, முந்திச் சென்ற நாட்டின் வழியிலேயே நடப்பதில்லை. தன்னிடம் இல்லாதவற்றுக்கு மாற்றாக வேறொன்றை அமர்த்திக்கொள்கிறது என்பது அவர் கருத்து. செருமனியில் பெருவங்கிகள் முதல் திரட்டும் பணியை ஏற்றன. அதைவிடப் பின்தங்கிய ரஷ்யாவில் அப்பணியை அரசின் கருவூலமே ஏற்றது. உழவர் வாங்காத எஃகை அரசு வாங்கியது. தண்டவாளமாக வாங்கியது.

அரசுக்குப் பணம் எங்கிருந்து வரும்? வெளிநாட்டுக் கடனிலிருந்து வரவேண்டும். கடன் தருவோர் நம்ப வேண்டுமெனில் கருவூலத்தில் பொன் இருக்கவேண்டும். பொன் வர வேண்டுமெனில் ஏற்றுமதி மிகவேண்டும். ரஷ்யாவின் ஏற்றுமதியில் மதிப்பளவில் ஏறத்தாழப் பாதி தானியம். ஆகவே, எஃகின் கணக்கு எங்கு சுற்றினாலும் உழவரின் களத்துமேட்டில்தான் வந்து முடிந்தது.

1887 முதல் 1892 வரை நிதியமைச்சராக இருந்த இவான் விஷ்னெகிராட்ஸ்கி இச்சுழற்சியைக் கடுமையாக இயக்கினார். அறுவடை முடிந்த கையோடு இலையுதிர் காலத்தில் வரி தண்டப்பட்டது. எல்லா உழவரும் ஒரே நேரத்தில் விற்றாகவேண்டியிருந்ததால் விலை வீழ்ந்தது. வயிற்றுக்கு வைத்திருந்ததையும் விற்று வரி கட்டியவர், வசந்த காலத்தில் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்குக் கடனாக வாங்கினார். நாம் அரைவயிறு உண்டாலும் ஏற்றுமதி செய்வோம் என்னும் பொருள்பட அவ்வமைச்சர் சொன்னதாக ஒரு கூற்று உண்டு. அரைவயிறு உண்ணப்போகிறவர் அவரல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1891இல் வால்கா ஆற்றை ஒட்டிய மாகாணங்களிலும் கரிசல் பகுதியிலும் மழை பொய்த்தது. முன்னிருந்த இருப்பு ஏதுமில்லாத ஊர்களில் பஞ்சம் பரவியது. ரொட்டி மாவில் களைச்செடிகளை அரைத்துக் கலந்து உண்டனர். வீட்டின் வைக்கோற் கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டனர். தானிய ஏற்றுமதிக்கு அரசு காலந்தாழ்த்தியே தடை விதித்தது. பஞ்சமும் அதனைத் தொடர்ந்த காலரா, டைபசு நோய்களும் ஏறத்தாழ நான்கு லட்சம் உயிர்களைக் கொண்டன. எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் ரியாசான் மாகாணத்தில் தங்கிப் பசித்தோர்க்கு நூற்றுக்கணக்கான உணவுக்கூடங்களை நடத்தினார். அடுத்த ஆண்டில் விஷ்னெகிராட்ஸ்கி பதவியிழந்தார். அவர் வகுத்த வழியோ மாறவில்லை. அதே வழியில் இன்னும் விரைவாகச் செல்லக்கூடியவர் அவ்விடத்துக்கு வந்தார்.

இருப்புப்பாதை அறிந்த அமைச்சர்

செர்கேய் விட்டே 1849இல் காகசியப் பகுதியின் திபிலீசி நகரில் பிறந்தவர். ஒதேசாவில் கணிதம் பயின்றவர். படிப்பு முடிந்ததும் இருப்புப்பாதை நிறுவனத்தில் சேர்ந்து, பயணச்சீட்டு விற்பனை முதல் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை வரை படிப்படியாகக் கற்றார். பிரபுக்கள் நிறைந்த அமைச்சரவையில், ஒரு டன் தானியத்தை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல என்ன செலவாகும் என்று அறிந்த மனிதர் அவர். 1892 முதல் 1903 வரை நிதியமைச்சராக இருந்தார்.

அவர் பதவியேற்குமுன்பே, 1891இல், அயல்நாட்டுப் பொருள்கள்மீது ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த காப்புவரி ரஷ்யாவில் விதிக்கப்பட்டிருந்தது. அவ்வரி அட்டவணையை வகுத்தவர்களுள் ஒருவர், தனிமங்களின் அட்டவணையை வகுத்த வேதியியல் அறிஞர் மெண்டலீவ். அதே ஆண்டில் விளாடிவஸ்தோக் துறைமுகத்தில் பட்டத்து இளவரசர் நிக்கோலாஸ் சைபீரிய இருப்புப்பாதையின் பணியைத் தொடங்கி வைத்தார். மாஸ்கோவிலிருந்து பசிபிக் கரை வரை 9,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பாதை, விட்டேயின் முழு முயற்சியால் வளர்ந்தது. உறைபனி நிலத்திலும் சதுப்பிலும், ஒற்றைத் தடமாக, மெல்லிய தண்டவாளங்களைக் கொண்டு விரைந்து போடப்பட்டது. பைக்கால் ஏரி குறுக்கிட்டது. அதனைச் சுற்றிப் பாறைகளைக் குடைந்து பாதை அமைக்கும்வரை, இங்கிலாந்தில் செய்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து கரையில் பொருத்திய பனியுடைக்கும் கப்பலில் தொடர்வண்டிப் பெட்டிகள் ஏற்றப்பட்டு ஏரியைக் கடந்தன.

1860இல் ரஷ்யாவில் இருந்த இருப்புப்பாதை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். 1900இல் அது 50,000 கிலோமீட்டரைத் தாண்டியது. பாதை தண்டவாளம் கேட்டது. தண்டவாளம் எஃகு கேட்டது. எஃகு நிலக்கரி கேட்டது. இச்சங்கிலியை உக்ரைனின் தென்பகுதியில் தெளிவாகக் காணலாம். வேல்சு நாட்டைச் சேர்ந்த ஜான் ஹியூஸ் என்னும் இரும்புத் தொழில் வல்லுநர் 1870இல் ஏறத்தாழ நூறு தொழிலாளரோடும் கருவிகளோடும் தொனெட்ஸ் நிலக்கரிப் பகுதிக்கு வந்து ஆலை அமைத்தார். அவர் பெயரால் யூசோவ்கா என்று வழங்கிய அவ்வூரே இன்றைய தொனெட்ஸ்க் நகரம். அங்கு நிலக்கரி உண்டு. சிறந்த இரும்புத்தாதோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நீப்பர் ஆற்றின் மறுபுறத்தில், கிரிவோய் ரோகில் கிடந்தது. 1884இல் நீப்பர் ஆற்றின்மேல் பாலம் கட்டி இருப்புப்பாதை இரண்டையும் இணைத்தது. அதன்பின் பெல்சியம், பிரான்சு நாட்டு முதல் அங்கு வந்து குவிந்தது. புல்வெளியாகக் கிடந்த இடத்தில் ஒரு தலைமுறைக்குள் ஊது உலைகள் வரிசையாக எழுந்தன. நூறாண்டுப் பழைமை கொண்ட யூரல் பகுதியை இரும்பு உற்பத்தியில் தென்பகுதி 1890களிலேயே முந்திவிட்டது.

1890இல் ஒன்பது லட்சம் டன்னளவில் இருந்த வார்ப்பிரும்பு உற்பத்தி 1900இல் 29 லட்சம் டன் ஆயிற்று. நிலக்கரி 60 லட்சம் டன்னிலிருந்து 160 லட்சம் டன்னாக உயர்ந்தது. காஸ்பியன் கரையிலுள்ள பாக்கு நகரத்தின் எண்ணெய்க் கிணறுகள் நூற்றாண்டின் திருப்பத்தில் உலக எண்ணெயில் ஏறத்தாழப் பாதியைத் தந்தன. அந்த மண்ணெண்ணெய் கருங்கடல் துறைமுகமாகிய பாத்தூமிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக ஆசியச் சந்தைகளை அடைந்தது. இந்திய வீடுகளின் விளக்குகளிலும் எரிந்தது.

அயல்நாட்டு முதலீட்டாளரின் நம்பிக்கையைப் பெற, 1897இல் ரூபிளின் மதிப்பைப் பொன்னோடு பிணைத்தார் விட்டே. வோட்கா விற்பனையை அரசின் தனியுரிமையாக்கினார். விரைவிலேயே அரசின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. சர்க்கரை, தேயிலை, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின்மீதும் தீர்வைகள் ஏறின. 1899இல் மன்னருக்கு அளித்த மறைமுக அறிக்கையில், அயல்நாட்டுப் பொருளை வாங்கித் தன் மூலப்பொருளை விற்கும் ரஷ்யா, தொழில்வள நாடுகளுக்கு ஒரு குடியேற்ற நாடுபோல இருக்கிறது என்று அவர் எச்சரித்தார். தம் கொள்கை மக்களுக்குச் சுமை என்பதை அவர் மறைக்கவில்லை. இந்தச் சுமை ஒரு தலைமுறையோடு முடியும் என்பது அவர் நம்பிக்கை.

பாதி உழவர், பாதித் தொழிலாளர்

ரஷ்ய ஆலைத் தொழிலாளரின் வரலாற்றை மொரோசோவ் குடும்பத்தின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பது பயன்தரும். சாவ்வா மொரோசோவ் பண்ணையடிமையாகப் பிறந்த நெசவாளர். பட்டு நாடா நெய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், 1820இல் 17,000 ரூபிள் கொடுத்துத் தம்மையும் தம் குடும்பத்தையும் பிரபுவிடமிருந்து மீட்டுக்கொண்டார். அவர் மரபினர் ரஷ்யாவின் மிகப் பெரிய பருத்தியாலை முதலாளிகளாயினர். அவர்தம் மகன் திமொஃபேய் நடத்திய நிகோல்ஸ்கோயே ஆலையில் 1885ஆம் ஆண்டு ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். காரணம், தண்டத்தொகை. நூல் அறுந்தால் தண்டம், தாமதமாக வந்தால் தண்டம், பாடினால்கூடத் தண்டம். கூலியில் கால் பங்கு வரை இவ்வாறு பிடித்துக்கொள்ளப்பட்டது. படையை அனுப்பி வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. ஆயினும், வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது ஆலையின் நிலையை அறிந்த சான்றாயர், குற்றஞ்சாட்டப்பட்டோரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். 1886ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தண்டத்தொகைக்கு வரம்பு கட்டியது. அத்தொகை முதலாளியின் பையில் சேராமல் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்படவேண்டும் எனவும் விதித்தது. 1897இல் வேலைநேரம் 11½ மணியாக வரையறுக்கப்பட்டது.

ஆலையில் வேலை செய்தாலும் சட்டத்தின் கண்களில் அத்தொழிலாளி உழவரே. ஊரில் அவர் பங்கு நிலம் இருந்தது. மனைவி மக்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்தனர். தவணைக்கான பணத்தை அவர் ஊருக்கு அனுப்பினார். அறுவடைக் காலத்தில் பலர் ஊருக்குத் திரும்பினர். ஓரூரார் சேர்ந்து ஒரே கொட்டடியில் தங்கினர். ஒரே பானையில் சமைத்து உண்டனர். பலகைக் கட்டிலை இரவுப்பணியாளரும் பகற்பணியாளரும் முறைவைத்துப் பயன்படுத்தினர். இந்த ஊர்ப்பற்றைக் கண்டு மகிழ்ந்த அதிகாரிகள் பலர், தங்கள் நாட்டில் தொழிலாளர் சிக்கல் என ஒன்று எழவே எழாது என்று எண்ணினர்.

அவர்கள் காணத் தவறியது ஆலையின் அளவை. பிந்தித் தொடங்கிய ரஷ்யா சிறு பட்டறையிலிருந்து படிப்படியாக வளரவில்லை. புதிய பொறிகளோடு பேராலைகளையே நேராக நிறுவியது. திறன் மிக்க மேலாளர் குறைவாக இருந்தமையால், இருந்த சிலரைக் கொண்டு பெரிய ஆலைகளை நடத்துவதே எளிதாயிற்று. பீட்டர்ஸ்பர்க் நகரின் புட்டிலோவ் ஆலையில் மட்டும் 12,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். நாட்டு மக்கள்தொகையில் தொழிலாளர் மிகச் சிறு பங்கினர். ஆனால், அச்சிறு பங்கு தலைநகரிலும் சில மையங்களிலும் ஆயிரமாயிரமாகத் திரண்டிருந்தது. சங்கம் அமைக்கவோ கூலிக்காகக் கூடிப் பேசவோ சட்டத்தில் இடமில்லை. ஊரின் நிலப்பசியும் ஆலையின் கூலிக்குறையும் ஒரே மனிதரின் நெஞ்சில் சந்தித்தன.

1900ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பியப் பணச்சந்தைகள் இறுகியதும் வெளிநாட்டு முதல் வரத்துக் குறைந்தது. அரசின் தண்டவாளக் கொள்முதலை நம்பியிருந்த தென்பகுதி உலைகள் அணைந்தன. 1902இல் பொல்தாவா, கார்க்கோவ் மாகாணங்களில் உழவர் பண்ணைக் களஞ்சியங்களை உடைத்துத் தானியத்தை வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். 1903இல் விட்டே பதவியிழந்தார். வரிக்கான ஊர்க்கூட்டுப்பொறுப்பும் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு ஜனவரியில் புட்டிலோவ் ஆலையில் சில தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டதிலிருந்து கிளர்ந்த வேலைநிறுத்தம் தலைநகரெங்கும் பரவிற்று. 9ஆம் நாள் மன்னரிடம் விண்ணப்பம் கொண்டுசென்ற மக்கள்மீது படை சுட்டது. அவ்வாண்டு முழுவதும் ஆலையும் வயலும் கொந்தளித்தன. மீட்புத்தொகை 1906இல் பாதியாகவும், 1907ஆம் ஆண்டு முதல் அடியோடும் நீக்கப்பட்டது. விடுதலை பெற்ற உழவரின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அக்கடன் ஒழிந்தது.

யார் சுமந்தார்கள்?

உழவரின் வயிற்றிலிருந்தே இத்தொழில் வளர்ச்சி பிடுங்கப்பட்டது என்ற கருத்தை அறிஞர் எல்லாரும் ஏற்பதில்லை. தீர்வை விதிக்கப்பட்ட பொருள்களை நகரத்தாரே மிகுதியாக வாங்கினர் என்றும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர்ப்புறத்தின் தானிய நுகர்வு மொத்தத்தில் குறையவில்லை என்றும் பிற்கால ஆய்வாளர் சிலர் கணக்கிட்டுள்ளனர். இருப்புப்பாதை வந்த பகுதிகளில் உழவருக்கு நல்ல விலை கிடைத்ததும் உண்மையே. எனினும், பேரரசு முழுமைக்குமான சராசரி, வால்கா பகுதிச் சிற்றூரின் பஞ்சத்தைக் காட்டாது. பால்டிக் மாகாணமும் சைபீரியாவும் செழித்தபோது நடுக்கரிசல் பகுதி மெலிந்தது. சுமையின் அளவில் கருத்து வேறுபாடு இருக்கலாம். சுமையை ஏற்றும்போது சுமப்பவரை ஒருமுறையேனும் கேட்டார்களா என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை. 1906 வரை ரஷ்யாவில் நாடாளுமன்றம் என்பதே இருந்ததில்லை.

1906இல் தலைமையமைச்சரான ஸ்தொலீப்பின், ஊர்க்கூட்டமைப்பிலிருந்து உழவர் விலகித் தனி நிலம் பெற வழிவகுத்தார். அத்திட்டம் வேர்கொள்ளத் தமக்கு இருபதாண்டு அமைதி வேண்டும் என்றார். 1911இல் அவர் கியேவ் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. தொழில் உற்பத்தி போருக்கு முந்தைய ஆண்டுகளில் மீண்டும் விரைவாக வளர்ந்திருந்தது. இருப்புப்பாதையின் நீளம் 70,000 கிலோமீட்டரளவை எட்டியிருந்தது. ஆனால், ஆலைகள் அனைத்தும் படைக்கலம் செய்யத் திரும்பியதும், உழவர் வாங்கத்தக்க ஆணியும் துணியும் மண்ணெண்ணெயும் சந்தையில் அருகின. தாளாகப் பெருகிய பணத்துக்குத் தானியத்தை விற்க உழவருக்கு மனமில்லை. விற்ற தானியத்தையும் நகரங்களுக்குக் கொண்டுசேர்க்கப் போதிய எஞ்சின்களும் பெட்டிகளும் இல்லை. இருந்தவை போர்முனைக்கும் பழுதுபார்க்கும் கொட்டகைக்குமாகச் சென்றுவிட்டன.

1916ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமூர் ஆற்றின்மேல் கபரோவ்ஸ்க் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. 25 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சைபீரிய இருப்புப்பாதை ரஷ்ய மண்ணிலேயே முழுமையாக நிறைவெய்தியது. அடுத்த பிப்ரவரியில், பெட்ரோகிராடு எனப் பெயர் மாறியிருந்த தலைநகரில், ரொட்டிக் கடைகளின் முன் விடியற்காலைப் பனியில் பெண்கள் வரிசையில் நின்றிருந்தனர். புட்டிலோவ் ஆலையின் கதவுகள் அடைக்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் இருந்தனர். 23ஆம் நாள் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, ரொட்டி வேண்டும் என்று முழங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்தனர். எட்டே நாள்களில், போர்முனையருகே பிஸ்கோவ் நிலையத்தில் நின்றிருந்த தமது தொடர்வண்டிப் பெட்டியில் அமர்ந்து, இரண்டாம் நிக்கோலாஸ் முடிதுறப்பு ஆணையில் கையொப்பமிட்டார்.